பார் என்னும் பகுப்பு: தூத்துக்குடி முத்துக்கரையும் கணினித் தேடலும்

ஓர் இடத்துக்கு அருகில் என்னென்ன உள்ளன என்று கணினியில் கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. இருப்பவை அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது முழுத்தேடல். பரப்பை முன்கூட்டியே பகுத்து, வேண்டிய பகுதியை மட்டும் சோதிப்பது இடப்பகுப்பு. எப்போது எதைக் கொள்வது என்பதை மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. மாறாததைப் பகுக்க வேண்டும், மாறுவதை நேரில் எண்ண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிபு.

பெயர் பெற்ற பாறைகள்

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள பழைய துறையான கொற்கைப் பகுதியின் முத்துக்குளிப்பை கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளஸ் குறிப்பிடுகிறது. தூத்துக்குடிக்கு எதிரே, பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில், பாறைத் திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. இவையே பார்கள். முத்துச்சிப்பியின் இளம் பருவம் சில வாரங்கள் நீரில் மிதந்து திரியும். கெட்டியான தளம் கிடைத்தால்தான் பற்றி வளரும். வெறும் மணலில் மூழ்குவது வீண். ஒவ்வொரு முழுக்கும் குளிப்பவரின் ஒரு மூச்சு. தேடலின் விலை அவ்வளவு உயர்ந்திருந்த இடத்தில் கடல் முழுவதையும் துழாவ முடியாது. தொளாயிரம் பார், குடமுத்துப் பார், வைப்பாறு பெரிய பார் எனத் திட்டுக்குத் திட்டு பெயர் வழங்கியது இதனால்தான். அப்பெயர்கள் கடலின் முதல் இடப்பகுப்பு.

பாருக்குள் எண்ணிக்கை

பாறை நகர்வதில்லை. சிப்பிக் கூட்டமோ ஓர் ஆண்டு நிறைந்திருக்கும், மறு ஆண்டு அழிந்துபோகும். பாரின் பெயர் தெரிவதால் அதில் சிப்பி இருப்பதாகாது. எனவே குளிப்பவர்களை இறக்கிப் பார்த்து, மாதிரிச் சிப்பிகளின் முத்தை மதிப்பிட்ட பின்பே முத்துச்சலாபம், அதாவது முத்துக்குளிப்புப் பருவம், அறிவிக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890-இலும், மீன்வள ஆய்வாளர் ஜேம்ஸ் ஹார்னல் 1905-இலும் இக்கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி அறிக்கைகள் வெளியிட்டனர். பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் மூச்சுக்கருவி அணிந்து மூழ்கிப் பார்களை ஆராய்ந்தனர். கருவி மாறியது, பகுப்பால் இடத்தைக் குறுக்கி, குறுகிய இடத்தில் நேரடியாகப் பார்க்கும் முறை மாறவில்லை.

கணினிக்கு வந்த பகுப்பு

பரப்பை நான்கு நான்காகப் பிரிக்கும் நாற்கிளை மரத்தை ரஃபேல் ஃபிங்கலும் ஜான் பென்ட்லியும் 1974-இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே பென்ட்லி மற்றொரு பகுப்பு முறையான கே-டி மரத்தை அளித்தார். பகுப்பின் பயனை எளிய கட்டப் பகுப்பின் கணக்கால் அறியலாம். அருகருகே உள்ளவற்றைக் கண்டறிய 10,000 புள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட 4,99,95,000 சோதனைகள் வேண்டும். அவை சீராகப் பரவியிருக்க, பரப்பை 10,000 கட்டங்களாகப் பிரித்து, தன் கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டையும் மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 90,000 சோதனைகள் போதும். கட்டத்துக்குள் நடப்பது அப்போதும் முழுத்தேடலே. பாருக்குள் மூழ்கிப் பார்ப்பது போல.

ஆனால் பகுப்புக்கும் விலை உண்டு. புள்ளிகள் இடையறாது நகர்ந்தால் கட்டங்களைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். எல்லாம் ஒரே மூலையில் குவிந்தால் கட்டத்தால் பயன் குறையும். எண்ணிக்கை சிறிதானால் பகுப்பே சுமை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே 50 கப்பல்கள் நிற்பதாகக் கொள்வோம். எவை ஒன்றையொன்று நெருங்குகின்றன என்றறிய 1,225 ஒப்பீடுகள்தாம். இன்றைய கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேரத்து வேலை. அங்கே முழுத்தேடலே எளிது, பிழை நேர இடமும் குறைவு.

முடிவுரை

1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களுக்குப் பிறகு தூத்துக்குடியில் சலாபம் நடக்கவில்லை. பார்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றின் வரைபடத்தில் பிழை இல்லை. சலாபத்துக்குப் போதிய சிப்பிதான் இல்லை. பகுப்பு எங்கே தேடுவது என்று சொல்லும். என்ன கிடைக்கும் என்று சொல்லாது. நிரல் எழுதுவோர் கட்டமைப்பைத் தேர்வதற்கு முன், தம் தரவில் பாறை எது, சிப்பி எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.