பம்பாய்த் தோட்டங்களும் அரிய பறவைக்கான சான்றும்

பம்பாயில் வீட்டைச் சுற்றியுள்ள பறவைகளைக் கவனித்து எழுதும் வழக்கம், 1883 செப்டம்பர் 15 அன்று எட்டுப் பேர் கூடித் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தோடு வேரூன்றியது. அந்த எண்மருள் ஆத்மாராம் பாண்டுரங்கும் சகாராம் அர்ஜுனும் இந்தியர். சுங்க, உப்புத் துறை அலுவலரான எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கன் இன்னொருவர். 'இ.எச்.ஏ.' என்ற பெயரில் எழுதிய அவர், பங்களா வாசலிலும் தோட்டத்திலும் வாழும் சிற்றுயிர்களை நகைச்சுவையோடு வருணித்ததுடன், 1900-இல் 'பம்பாயின் சாதாரணப் பறவைகள்' என்ற பொருள்படும் ஆங்கில நூலையும் வெளியிட்டார்.

சாதாரணப் பறவையைப் பற்றி எழுதக் கண் போதுமானதாக இருந்தது. அரிய பறவையைக் கண்டதாகச் சொன்னவரிடமோ பாடம் செய்த தோல், அதாவது உட்பகுதி நீக்கிப் பஞ்சடைத்து உலர்த்திய உடல், எதிர்பார்க்கப்பட்டது. பறவையியலாளர் சாலிம் அலியின் (1896–1987) வாழ்க்கையே இதற்குச் சான்று. சிறுவனாக இருந்தபோது அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருப்பது கண்டு, மாமா அமீருத்தீன் தயப்ஜி அவரைக் கழகத்தின் செயலர் மில்லார்டிடம் அனுப்ப, அங்கே இழுப்பறைகளில் அடுக்கியிருந்த தோல்களோடு ஒப்பிட்டு அது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று அறியப்பட்டது. குடும்பத்தார் விடுமுறைக்குச் சென்று தங்கிய செம்பூர் அந்நாளில் மரங்கள் அடர்ந்த கிராமம்; அங்கே விடியற்காலையில் கேட்ட குண்டுகரிச்சானின் பாட்டை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. ஆயினும் பாட்டுக் கேட்டது அக்காலத்தில் சான்றாகாது.

ஒளிப்படம் இந்தச் சிக்கலை உடனே தீர்த்துவிடவில்லை. கண்ணாடித் தகடு செருகும் கேமரா கனமானது, மந்தமானது. பறவை தவறாமல் திரும்பி வரும் இடம் கூடு என்பதால், மறைப்புக் கூடாரத்துக்குள் காத்திருந்து எடுத்த கூட்டுப் படங்களே முதலில் பெருகின. பறவைப் படம் எடுப்பது பற்றி 1949-இல் நூல் வெளியிட்ட லோதரும், சாலிம் அலியோடு பயணம் செய்த மலாயாவின் லோக் வான் தோவும் அந்த மரபினர். சென்னையில் மா. கிருஷ்ணன் பல பாகங்களை இணைத்துத் தாமே ஒரு கேமராவை உருவாக்கிக்கொண்டார். இவர்களுடைய பொறுமைக்கும் செலவுக்கும் ஈடுகொடுக்க எளிய பறவை ஆர்வலரால் இயலவில்லை. எண்முறைக் கேமரா வந்த பிறகுதான் மாடித் தொட்டிச் செடியருகே நிற்பவரின் சொல்லுக்கும் மதிப்பு வந்தது. 2013 முதல் இந்தியரும் பங்கேற்கும் உலகக் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில், வழக்கத்துக்கு மாறான பதிவுக்குப் படம் பெரிய துணை.

அத்தகைய பதிவுக்கு மும்பையில் (முன்னைய பம்பாய்) மாட்டுங்கா ஏற்ற இடம். 1896-இல் பரவிய பிளேக்குக்குப் பின் 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்ட பகுதி அது. தமிழர் பெருவாரியாகக் குடியேறிய அதன் மரநிழல் தெருக்களிலும் ஐந்து தோட்டங்களிலும் குக்குறுவானும் மாங்குயிலும் தங்க இடமுண்டு. தமிழ்நாட்டில் குளிர்கால விருந்தாளியாகிய ஆறுமணிக் குருவி, அதாவது காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூவும் வண்ணப் பறவை, மும்பைக்கு மழை தொடங்கும் ஜூனை ஒட்டி வருகிறது. வலசைக் களைப்பில் கட்டடங்களுக்கிடையே அது இறங்குவதும் உண்டு.

தோட்டத்துக்கு நிலம் வேண்டும் என்பதை இவ்வரலாறு எளிதில் மறந்துவிடுகிறது. மாட்டுங்காவை அடுத்த தாராவியில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே செடி வைக்கவே இடமில்லை. அப்பகுதியினருக்கு அருகிலுள்ள பறவைத் தோப்பு, மிட்டி ஆற்றங்கரையில் நகரக் குப்பை கொட்டிய மேட்டை மண்ணிட்டு மரம் வளர்த்து 1994-இல் திறந்த, ஏறத்தாழ 37 ஏக்கர் பரப்புள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவே.