தேனீயின் வாசலில் ஓர் இலையான்

திருகோணமலையிலிருந்து தெற்கே, மூதூரையும் ஈச்சிலம்பற்றையும் தாண்டிக் கடலோரமாகச் சென்றால் இலங்கைத்துறை முகத்துவாரம் வரும். போர் ஓய்ந்து சில ஆண்டுகளின் பின் அங்கே போயிருந்தேன். செய்தி தேடிப் போன இடத்தில், ஒரு மண்திட்டின் முன் அரைமணி நேரம் நின்றுவிட்டேன்.

திட்டெங்கும் சிறு துளைகள், தனித்தேனீக்களின் வீடுகள். இவற்றுக்குக் கூட்டமும் இல்லை, ராணியும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே அறை அமைத்து, மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து வைத்து, ஒரு முட்டையிட்டு, வாயிலை அடைத்துவிட்டுப் போகும். அத்துளைகளுக்கு எதிரே கரிய இலையான் ஒன்று அந்தரத்தில் நின்றபடி வாலை உதறிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பிய பின்னரே நூல்களைப் புரட்டினேன். ஆந்திராக்ஸ் என்ற இனத்தையும் அதன் உறவுகளையும் சேர்ந்த ஈக்களின் வேலை அது. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குக் கரி என்று பொருள். பெண் ஈ மணலில் அமர்ந்து, வயிற்று நுனியிலுள்ள பையில் மணல் நிரப்பிக்கொள்ளும். முட்டைகளுக்கு அந்த மணலைப் பூசி, பறந்தபடியே துளைக்குள் எறியும். பொரித்து வரும் நுண்புழு உள்ளே ஊர்ந்து சென்று, தேனீயின் புழு தின்று கொழுக்கும்வரை காத்திருக்கும்.

அதன் பிறகு நடப்பதை முதலில் நுணுகிப் பார்த்து எழுதியவர்களுள் ஒருவர் பிரெஞ்சு நாட்டின் ழான் ஆன்ரி ஃபாபர். 1886இல் வெளிவந்த தமது நூலின் மூன்றாம் தொகுதியில், மண்ணால் கூடு கட்டும் தேனீயை இந்த ஈயின் புழு உறிஞ்சிக் குடிப்பதை விவரித்தார். கடிப்பதில்லை, கிழிப்பதில்லை. வாயை வைத்து உறிஞ்சுகிறது. சுமார் இரண்டு வாரத்தில் வெறுந்தோல்தான் மிச்சம். வளர்ந்த ஈ மென்மையானது, சுவரைத் துளைக்க அதனால் ஆகாது. ஆகவே கூட்டுப்புழுப் பருவத்திலேயே தலையில் முட்கள் முளைத்து, அவற்றால் மண்சுவரைக் குடைந்து வழி செய்துகொள்கிறது.

ஃபாபர் தம் ஊரைவிட்டு அதிகம் நகராதவர். நமது கரையின் பூச்சிகளைத் திரட்டியவரோ ஊர் ஊராக மாற்றப்பட்ட ஒரு பீரங்கிப் படை அதிகாரி: ஜோன் வில்லியம் யெர்பரி. 1880களில் ஏடனில் வண்ணத்துப்பூச்சி சேர்த்தவர், 1890களின் தொடக்கத்தில் திருகோணமலையில் ஈக்களையும் குளவிகளையும் தேனீக்களையும் சேர்த்தார். ஊசியில் குத்தி, 'ட்ரிங்கோமாலி' என்று சீட்டெழுதிய அந்தப் பூச்சிகள் இலண்டன் அருங்காட்சியகத்தை அடைந்தன. பிரித்தானிய இந்திய உயிரின வரிசையில் 1897இல் தேனீக்களையும் குளவிகளையும் பற்றி எழுதிய பிங்காமும் படை அதிகாரியே. 1920இல் இந்த ஈக்களின் குடும்பத்தை எழுதிய புருனெட்டியோ கல்கத்தாவில் வாழ்ந்த இசைக்கலைஞர்! பட்டாளக்காரர்களும் பாட்டுக்காரரும் ஓய்வு நேரத்தில் செய்த வேலையில்தான் நம் ஊரின் பெயர் அறிவியலில் ஏறியது. அவர்களுக்குக் காட்டுவழி காட்டிய உள்ளூர்க்காரரின் பெயருக்குச் சீட்டில் இடமில்லை.

நெடுங்காலத்துக்குப் பின், 1970களில், அமெரிக்க ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கார்ல் குரோம்பைன் வந்தார். மரக்கட்டைகளில் துளையிட்டுத் தொங்கவிட்டு, அதில் கூடு வைக்கும் தேனீயையும் குளவியையும் அவற்றைத் தின்ன வரும் ஈயையும் ஒருங்கே ஆராய்ந்து 1967இலேயே பெருநூல் எழுதியவர் அவர். சீனக்குடாவிலும் பூச்சி பிடித்தார்.

பின்னர் 1983 வந்தது. 2009 மே வரை இந்த மாவட்டத்தின் காட்டில் கையில் வலையோடு ஒருவன் அலைவதை நினைத்துப் பார்க்க முடியுமா? எந்தச் சோதனைச் சாவடியில் என்ன சொல்லித் தப்புவான்? நான் அக்காலத்தில் எழுதிய செய்திகளில் இந்த ஊர்களின் பெயர் வந்ததெல்லாம் ஷெல் விழுந்ததற்கும் சனம் இடம்பெயர்ந்ததற்குமே. இலண்டனின் ஊசிச்சீட்டில் நம் ஊர் இருக்கிறது. அந்த ஈ இம்மண்ணில் எப்படி வாழ்கிறது என்பதைச் சீட்டு சொல்வதில்லை. ஃபாபரைப்போல் ஒரே திட்டின் முன் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்க, ஆட்களை ஊரிலேயே இருக்க விட்டிருக்க வேண்டும்.

அன்று திட்டருகே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் அந்த இலையானைக் காட்டி, தேன் குடிக்க வந்ததோ என்று கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

"இல்லைத் தம்பி, அது வேற அலுவலா வந்தது. உள்ளுக்குப் போகாது, வாசல்லயே நிண்டு எறிஞ்சுபோட்டுப் போகும். நான் சின்னனில இருந்து பாக்கிறன்."