மைலோ டின்னில் ஒரு பிடி

பாட்டி வீட்டு அடுப்படியில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு மைலோ டின் இருக்கும். சமைக்க அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி டின்னில் போட்டுவிடுவார். சில நாள் என்னைப் போடச் சொல்வார். "ஒன் கை சின்னது, ரெண்டு தடவ போடு." மாதத்தின் முதல் ஞாயிறு அந்த டின் ஜெபக்கூடத்துக்குப் போகும். யாருக்குப் பாட்டி இது என்று கேட்டால் சாமிக்கு என்பார். சாமி சோறு சாப்பிடுமா என்று கேட்டேன். "சாமி பேரச் சொல்லி யாராச்சும் சாப்புடுவாங்க, போடு."

காஹாங், குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் இருக்கும் சின்ன ஊர். சுற்றிலும் செம்பனை. கிழக்குக் கடற்கரைத் தீவுகளுக்குச் சுற்றுலா போகிறவர்கள் காரை நிறுத்தாமல் கடந்துபோவார்கள். அங்கே ஒரு தோட்டத்து லயத்தில் இருந்த டின்னுக்கு நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு என்பது ஸ்கூடாயில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நூலகத்தில் திரவ இயக்கவியலைத் தவிர வேறு எதையாவது படிக்கலாம் என்று தேடியபோது கையில் கிடைத்தது பேராயர் அசரியாவின் வாழ்க்கை.

திருநெல்வேலித் தமிழ்க் கிறித்தவர்களிடம் இதற்குக் கைப்பிடி அரிசி என்று பெயர். அவர்களிடம் மட்டும் இருந்த வழக்கம் இல்லை. பிற்காலத்தில் காஞ்சி மடம் பிடி அரிசித் திட்டம் நடத்தியது. மிசோரம் கிறித்தவப் பெண்கள் 'புஹ்ஃபாய் தாம்' என்ற பெயரில் இன்றும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்து வைக்கிறார்கள். ஆனால் திருநெல்வேலியில் இந்த ஒரு பிடிக்கு ஒரு தனி அர்த்தம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் ஒரு வசவு.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் தாக்கியது. அந்த வருடங்களில் திருநெல்வேலிப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். மிஷனரிகள் நிவாரண வேலையும் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டு 'அரிசிக் கிறித்தவர்கள்' என்று ஏளனம் செய்வது எளிதாக இருந்தது. சோற்றுக்காகச் சாமியை மாற்றியவர்கள். இன்றும் சமூக ஊடகச் சண்டைகளில் இந்த வசவு வரும், நானே வாங்கியிருக்கிறேன். அப்படிச் சொல்லப்பட்ட சமூகத்தின் பெண்கள் தினமும் உலையில் போகும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அந்தச் சண்டைகளில் வருவதில்லை. அந்தப் பெண்கள் கையில் காசு புழங்கியது குறைவு. நிலமும் கூலியும் ஆண்களிடம். வீட்டில் அவர்கள் யாரையும் கேட்காமல் அள்ளக்கூடிய பொருள் என்றால் அடுப்படி அரிசிதான். கடவுளுக்குச் சொல்லும் நன்றியை அந்த அரிசியில் அளந்தார்கள்.

இந்தப் பின்னணியில் வளர்ந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், அப்பா கிராமத்துப் போதகர். சென்னை கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்து, பட்டம் வாங்காமலே வெளியே வந்து, ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் ஆனார். 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறித்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கடல் தாண்டித் தமிழகத்துக்கு ஊழியம் செய்ய ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அசரியாவுக்குச் சுருக்கென்றது. எண்ணிக்கையில் எத்தனையோ மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை இன்னும் இங்கிலாந்திலிருந்து வருவதை எதிர்பார்த்து நிற்கிறது. பெற்றுக்கொண்டதற்கு நன்றி என்று வாயால் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த வருடம், 1903 பிப்ரவரி 12ஆம் தேதி, திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் தொடங்கப்பட்டது. ஆட்கள் இந்தியர்கள், பணம் இந்தியப் பணம், நிர்வாகமும் இந்தியர் கையில். வெள்ளைக்காரர் ஆட்சி உச்சத்தில் இருந்தபோது, தென்கோடியில் இருந்த ஒரு சபை இதைச் செய்தது. இதற்கு எவ்வளவு நெஞ்சுத் துணிவு வேண்டும் என்பதை யோசித்துப் பார்க்கலாம். சங்கம் தன் வேலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் பகுதி. மொழி தெலுங்கு. அசரியா தானே தெலுங்கு படித்துக்கொண்டு 1909இல் அங்கே போய்ச் சேர்ந்தார்.

1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க முகங்கள் நிறைந்த அவையில் அசரியா பேச எழுந்தார். இந்தியத் திருச்சபை எக்காலத்திலும் மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றியோடு சாட்சி சொல்லும் என்றார். நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் கைதட்டி அனுப்பியிருப்பார்கள். அவர் நிறுத்தவில்லை. எங்களுக்கு அன்பும் வேண்டும், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அவையில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

அந்தப் பேச்சைப் படித்தபோது எனக்கு நம் தோட்டங்கள்தான் ஞாபகம் வந்தன. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டது கூலி உயர்வு மட்டும் இல்லை. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. வேலை கொடுத்தவன், லயம் கொடுத்தவன், அவனுக்கு நன்றியோடு இரு. இறங்கி நில். மேலே இருப்பவன் கேட்கும் நன்றிக்கு எப்போதும் உடம்பைக் குனிய வைக்கும் ஒரு சடங்கு சேர்ந்தே வரும். அசரியா அந்தச் சபையில் நன்றி சொன்னார், ஆனால் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்கு 'செய்ந்நன்றியறிதல்' என்று பெயர். அங்கே நன்றி என்பது நாம் இன்று 'தேங்க்யூ'வுக்குப் பதிலாகச் சொல்லும் சொல் இல்லை. பிறர் செய்த நன்மைக்குத்தான் நன்றி என்று பெயர், நம் வேலை அதை அறிந்திருப்பது. பாட்டி ஒரு நாளும் யாரிடமும் 'நன்றி' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'ஸ்தோத்திரம்' என்பார், அதுவும் கடவுளிடம் மட்டும். பழைய தமிழ் வேதாகமத்தில் நன்றி செலுத்துவது, துதிப்பது எல்லாம் இந்தச் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். மற்றவர்களுக்கு என்றால் சாப்பாடு கொடுத்தனுப்புவார், அவ்வளவுதான்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அசரியாவுக்கு அபிஷேகம் நடந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். தோர்ணக்கலில் அவருடைய சபையார் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள், மற்றவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அவர்களிடமும் அவர் காணிக்கை எதிர்பார்த்தார். இது எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பட்டினி கிடப்பவனிடம் போய்க் கொடு என்று கேட்பதா? அசரியாவின் கணக்கு வேறு. எப்போதும் வாங்கிக்கொண்டே இருப்பவன் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியாது. ஒரு பிடியானாலும் கொடுத்தவன் பார்க்கலாம். கிறித்தவக் கொடையைப் பற்றி ஒரு சிறுநூலே எழுதியிருக்கிறார். அங்கேயும் பெண்கள் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அறுப்பின் பண்டிகைக்குக் கோழியும் தானியமும் ஆடும் மாடும் வந்தன. கால் நூற்றாண்டு கட்டிய பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை ஆனது. கோயில் மண்டபமும் மசூதிக் கவிகையும் கலந்த கட்டடம். படங்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும்.

இதை ஒரு அழகான கதையாக முடித்துவிடக் கூடாது. தமிழ்ச் சபைகளின் நன்றியில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. நற்கருணைக்குக் கிரேக்கத்தில் 'யூகரிஸ்தியா' என்று பெயர், அர்த்தம் நன்றி செலுத்துதல். அந்த நன்றியின் பாத்திரத்தையே தஞ்சையிலும் சென்னையிலும் சாதி பார்த்துத்தான் கையில் வாங்கினார்கள். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது பலர் கொதித்தார்கள். அதற்கு முன்பிருந்தே மிஷனரிகளின் சாதி எதிர்ப்போடு மோதிக்கொண்டிருந்தவர்களில் தமிழ்க் கீர்த்தனைகளின் பெருங்கவி வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். கடவுளுக்கு நன்றி சொல்லி அத்தனை பாடியவர்! எனக்கு அவர் பாட்டு பிடிக்கும், அதனால்தான் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

லேவியராகமம் ஏழாம் அதிகாரத்தில் ஒரு விதி இருக்கிறது. ஸ்தோத்திர பலியின் இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், காலைவரை மீதி வைக்கக் கூடாது. எஞ்சினியர் மூளையோடு படித்தால் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். ஒரு குடும்பத்தால் ஒரு மாட்டை ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிக் கிராமங்களில் 'அசனம்' என்ற பெயரில் இன்றும் நடக்கும் சபை விருந்தும் எனக்கு இப்படித்தான் புரிகிறது. பெரிய பெரிய வட்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். வேறு மதத்தாரும் வந்து உட்காருவார்கள். பக்கத்தில் உட்காருபவன் யார் என்று பார்க்காமல் சாப்பிட்டால்தான் அது அசனம். எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் அப்படி நடந்ததா என்று கேட்டால், மேலே சொன்ன 1833தான் பதில்.

எங்கள் தோட்டத்து ஜெபக்கூடத்திலும் அறுப்பின் பண்டிகை உண்டு. அதில் ஒரு வேடிக்கை. அங்கே அறுப்பவர்கள் எல்லாருமே மற்றவருக்காக அறுப்பவர்கள். அப்பா வருடம் முழுவதும் செம்பனைக் குலை வெட்டினார், ஒரு குலையைக் கூடப் பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்க முடியாது. அது கம்பெனிச் சொத்து, எடுத்தால் திருட்டு. அதனால் எல்லாரும் வீட்டுக்குப் பின்னால் விளைந்ததைக் கொண்டுவருவார்கள். பூசணி, வாழைத்தார், மரவள்ளி, முட்டை. ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு முட்டை பத்து வெள்ளிக்குப் போகும், எடுத்தவர் திரும்பக் காணிக்கையாக வைப்பார், மறுபடி ஏலம். நான் பார்த்ததில் ஒரு முட்டை நாலு முறை விற்றது.

பிறகு தோட்டம் கைமாறியது. வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். அந்த ஞாயிறு ஒரு பிரசங்கியார் எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம் செய்ய வேண்டும் என்று பேசினார். அப்பா பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். வீட்டில் சொன்னார்: "வீடு போனதுக்கு எவனுக்கு ஸ்தோத்திரம் சொல்றது? கம்பெனிக்கா?" பாட்டி பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலமும் டின்னில் ஒரு பிடி போட்டார். அப்பா அதைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். 'எல்லாவற்றிலும்' என்று எழுதிய பவுல் எழுதியது சபைக்கு. அதை எடுத்துக் கம்பெனிக்காகப் பேசியது பிரசங்கியார்.

நாங்கள் காஹாங் டவுன் பக்கம் மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். அப்பா மூன்று வருடம் கோயிலுக்குப் போகவில்லை. எனக்கு வேலை கிடைத்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு அவரே சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கையில் ஒரு சாக்கு, உள்ளே வீட்டுப் பின்கட்டில் அவர் நட்ட மரவள்ளி. முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஏலத்தில் நான்தான் எடுத்தேன், முப்பத்தைந்து வெள்ளி. வீட்டுக்கு வந்து அவித்துச் சாப்பிட்டோம். "அவ்ளோ பெறாதுடா," என்றார் அப்பா. தேங்காய்ப்பூ கொஞ்சம் அதிகமாகப் போட்டுக்கொண்டார்.