கடலடியில் ஒரு வெள்ளக் குறிப்பு

வெள்ளத்தின் வரலாற்றை நீர் வடியும் நாளோடு முடித்துவிடுவது எங்கள் பத்திரிகைத் தொழிலின் வழக்கம். ஆறு சுமந்துசென்ற மண் என்னவாயிற்று என்று கேட்பார் அரிது. அக்கேள்விக்குத் தெளிவானதொரு விடை, வட கலிபோர்னியாவின் ஈல் ஆற்று முகத்துக்கு அப்பாலுள்ள கண்டமேடையிற் கிடைத்தது.

1964 டிசெம்பர் வெள்ளம் அவ்வாற்றங்கரை ஊர்களைச் சிதைத்தது. வியொட் என்ற சிற்றூரில் அன்றைய நீர்மட்டத்தை வீதியோரக் கம்பமொன்று இன்றும் காட்டுகிறது. கடலடியில் அத்தகைய கம்பம் கிடையாது. சேற்றுப் படையே சாட்சி.

1995 ஜனவரியில் ஆறு மீண்டும் பெருகியது. அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்தின் ஆதரவுடன் இயங்கிய விஞ்ஞானிகள் தாமதமின்றிக் கடலடி மண்ணைக் குழாய்களில் எடுத்தனர். 50 முதல் 110 மீற்றர் வரையான ஆழத்தில் புதிய சேற்றுப் படையொன்று இருந்தது. அதன் தடிப்பு சில இடங்களில் 8 சென்ரிமீற்றர். 53 நாட்களிற் பாதியாகத் தேயும் பெரிலியம்-7 அதிற் காணப்பட்டமையால், அது அண்மையில் வந்ததென்பது உறுதியாயிற்று. ஆயினும் ஆறு கொண்டுவந்த நுண்மண்ணில் ஏறத்தாழக் காற்பங்கே அங்கிருந்தது. கரையருகே வீழ்ந்த சேற்றை அலைகள் கிளறிக் கூழாக்க, அது சரிவு வழியே ஆழத்துக்கு இறங்கியிருந்தது.

பின்னர் நிகழ்ந்ததே முக்கியமானது. புழுக்களும் சிப்பிகளும் அப்படையைத் துளைத்தன. பழைய மண் மேலேயும் புதிய மண் கீழேயும் சென்றன. எக்ஸ்கதிர்ப் படங்களில் தெளிவாயிருந்த மென்வரிகள் மங்கின. நீர் பிழியப்பட்டுப் படையும் ஒடுங்கியது. ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் மண்ணே சேருமிடத்தில், உயிரினங்கள் கிளறும் ஆழத்தைக் கடந்து ஒரு படை புதைவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். 1997 ஜனவரியில் வந்த அடுத்த வெள்ளம் அதன்மேல் மண்ணைப் போர்த்தது. ஒரு வெள்ளத்தின் தடயத்தை இன்னொரு வெள்ளமே காப்பாற்றும் விந்தை இது!

ஆகவே, கடலடிப் படைகளை எண்ணி வெள்ளங்களுக்குக் கணக்கெழுதுவோர் கவனமாயிருத்தல் வேண்டும். தடித்த படைகளும், விரைவிற் புதைந்தவையுமே தப்புகின்றன. மெல்லிய படையை விட்டுச்சென்ற சிறுவெள்ளம் சுற்றியுள்ள சேற்றோடு கலந்துவிடும். ஈல் ஆற்றுப் படுகையில் 1950களுக்குப் பின் பெருவெள்ளங்களும் மரம்வெட்டலும் சேர்ந்தே வந்தன. கடலில் மண் கூடியதற்கு மழை எவ்வளவு காரணம், கோடரி எவ்வளவு காரணம் என்று பிரித்தறிய முனைவோர், இந்த அழிபாட்டையும் கணக்கிற் சேர்த்தாக வேண்டும். படையொன்று காணப்படாத ஆண்டு, வெள்ளமே வராத ஆண்டாகிவிடாது.