கிரானைட்டும் துளைமுனையும்

செகந்திராபாத்தின் வடபுறத்திலுள்ள லோத்குண்டா, ஐதராபாத்தின் பெரும்பகுதியைப் போலவே, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடைய கிரானைட்டின்மேல் அமைந்த ஊர். அப்பாறையில் மிகுந்திருக்கும் குவார்ட்ஸ், எஃகையே அராவித் தேய்க்கக்கூடியது. ஆதலால் இந்நிலத்தில் ஆழ்துளைக் கிணற்றின் வரலாற்றை எழுத முற்படுவோர், தேய்ந்தும் முறிந்தும் போன கருவிகளின் வரலாற்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வடத்தில் கட்டிய கனத்த உளியைத் தூக்கிப் போட்டுத் துளைத்த பழைய முறையில் ஒரு கிணற்றுக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. முனை மழுங்கும்தோறும் உலையிலிட்டு அடித்துக் கூராக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு பீகார் வறட்சியின்போது யுனிசெஃப் கொண்டுவந்த காற்றழுத்த ரிக்குகள் கடும்பாறைப் பகுதிகளில் புதிய முறையைப் பரப்பின. இம்முறையில் சம்மட்டியே துளைக்குள் இறங்கிப் பிட்டின் தலையில் அடிக்கிறது; அதை இயக்கும் காற்றே கல்தூளையும் மேலேற்றுகிறது. முனையில் எஃகுக்குப் பதிலாக டங்ஸ்டன் கார்பைடு பொத்தான்கள். பின்னாளில் இத்தொழிலைத் தமிழகத்தின் திருச்செங்கோடு தனதாக்கிக்கொண்டது. அவ்வூர் ரிக் வண்டிகள் தெலங்கானாவிலும் அதற்கு வடக்கிலும் துளையிட்டன.

கார்பைடு வந்த பிறகும் பழுது நீங்கிவிடவில்லை. அதன் இடம் மாறியது. ஓரப் பொத்தான்கள் தேய்ந்தால் துளையின் விட்டம் குறுகும். அதன்பின் புதிய பிட்டை இறக்கினால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். இதனாலேயே தேர்ந்த துளைப்பாளர்கள் பிட்டுகளை அளவு வாரியாக, பெரியதிலிருந்து சிறியதாக, இறக்குகின்றனர். காற்றோடு எண்ணெய் போதிய அளவு செல்லாவிட்டால் சம்மட்டியின் பிஸ்டன் இறுகிவிடும். இடைவிடாத அதிர்வில் ராடுகள் மரையில் முறியும். கீழே தங்கிவிட்ட சம்மட்டியை மீட்க இயலாதபோது கிணறும் கருவியும் ஒருங்கே இழப்பாகும். இவற்றையெல்லாம் உற்பத்தியின் குறையென்று கருதுவது மேலோட்டமான பார்வை. பெரும்பாலானவை பாறையும் பராமரிப்பும் சேர்ந்து விளைவிப்பவை.

இதனினும் கவலைக்குரியது கருவி உறுதிப்பட்டதன் விளைவு. கிரானைட்டில் நீர் பெரும்பாலும் மேற்பகுதியின் சிதைவடுக்கிலும் அதை ஒட்டிய வெடிப்புகளிலுமே தங்குகிறது. ஆழம் கூடக்கூட நீர்தரும் வெடிப்புகள் அருகுகின்றன. முன்பு மழுங்கிய உளி துளைப்பவரை நிறுத்திவைத்தது. வலிய கம்ப்ரசரும் தேயாத பிட்டும் வந்தபின் அந்தத் தடை அகன்றது; ஆயிரம் அடி இறங்கியும் புழுதி மட்டுமே வெளிவந்த கிணறுகளுக்கு மக்கள் கடன்பட்டனர். 2002ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச நீர், நிலம், மரங்கள் சட்டம் கிணறு தோண்ட அனுமதியைக் கட்டாயமாக்கியதோடு நில்லாமல், ரிக் வண்டிகளையும் பதிவு செய்யப் பணித்தது இப்பின்னணியில்தான்.