மாடு நொண்டுகிறதா? கால், மூட்டு, தசைகளை நீங்களே சோதிக்கும் முறை

மாடு நன்றாக நொண்டத் தொடங்கிய பிறகே பலரும் அதன் காலைப் பார்க்கிறோம். அதற்குள் தீவனம் எடுப்பதும் பாலும் குறைந்துவிடும். வாரம் ஒரு முறை, காலையில் மாட்டை அவிழ்க்கும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கினால் பிரச்சினையை முன்பே கண்டுபிடிக்கலாம்.

நிற்கும்போது: நான்கு கால்களையும் சமமாக ஊன்றுகிறதா, முதுகை வளைத்து நிற்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி கால் மாற்றி நின்றால் வலி இருக்கிறது என்று அர்த்தம்.

நடக்கும்போது: சமமான, கெட்டியான தரையில் நடத்துங்கள். வலியுள்ள முன்னங்காலை ஊன்றும்போது மாடு தலையைத் தூக்கும். பின்னங்காலில் வலி இருந்தால் எட்டு குறுகும், முதுகு வளையும்.

தொட்டுப் பார்த்தல்: முதலில் குளம்பைக் கழுவிப் பாருங்கள். மாடுகள் நொண்டுவதற்குப் பெரும்பாலும் குளம்புதான் காரணம். முள், ஆணி, கல், பிளவில் புண், துர்நாற்றம் இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு மூட்டுகளையும், தொடை, தோள்பட்டைத் தசைகளையும் தடவிப் பாருங்கள். எதிர்ப்பக்கக் காலோடு ஒப்பிட்டால் வீக்கமும் சூடும் எளிதில் தெரியும்.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டியவை:

1. காய்ச்சலுடன் தொடை அல்லது தோளில் வீக்கம். அழுத்தினால் நறநறவென்ற சத்தம். இது சப்பை நோயாக இருக்கலாம். 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள கொழுத்த மாடுகளை அதிகம் தாக்கும். ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும். வீக்கத்தைக் கீறவோ சூடு போடவோ கூடாது.

2. கன்று ஈன்ற 3 நாட்களுக்குள் மாடு எழ முடியாமல், கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்தல். இது கால்சியம் குறைவால் வரும் பால் காய்ச்சலின் அறிகுறி.

3. இளங்கன்றின் மூட்டுகள் வீங்கிச் சூடாக இருத்தல். தொப்புள் வழியே கிருமி புகுந்திருக்கலாம்.

4. கால் புண்ணுடன் வாயில் கொப்புளம், எச்சில் வடிதல். இது கோமாரி நோயாக இருக்கலாம். மாட்டைத் தனியே கட்டுங்கள்.

தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

வருமுன் காக்க: சப்பை நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பே போடுங்கள். கன்று பிறந்தவுடன் தொப்புள் கொடியில் டிங்சர் அயோடின் தடவுங்கள். கறவை மாட்டுக்குத் தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள். கொட்டில் தரையைச் சாணமும் ஈரமும் தேங்காமல் வைத்திருங்கள்.