அரசர் சிலையும் அகப்பை ஈயமும்

அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் வோஷிங்டனின் குதிரையும் பிரகடனத்தின் கையொப்பங்களுமே நம் மனக்கண்ணில் எழும். நான் இன்று எடுத்துக்கொள்வது ஒரு சிறு கணக்குத் துண்டு. யார் யார் எத்தனை ஈயக்குண்டு வார்த்தார்கள் என்ற கணக்கு அது.

முத்திரை வரிச் சட்டம் 1766இல் நீக்கப்பட்ட மகிழ்ச்சியில் நியூயோர்க் மக்கள் மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்குச் சிலை எடுக்க விரும்பினர். 1770இல் சிலை நிறுவப்பட்டது. குதிரைமீதமர்ந்த உருவம், உள்ளே காரீயம், மேலே பொன் முலாம். 1776 யூலை 9ஆம் நாள் சுதந்திரப் பிரகடனம் படையினருக்கு வாசிக்கப்பட்டது. அன்றிரவே கூட்டம் திரண்டு சிலையைக் கயிறு கட்டி விழுத்திவிட்டது. ஏறத்தாழ 4,000 இறாத்தல் எடை என்பர். துண்டுகளிற் பெரும்பகுதி கனெற்றிக்கற்றிலுள்ள லிச்ஃபீல்ட் ஊருக்கு, ஒலிவர் வோல்கொற் என்பாரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரகடனத்தில் ஒப்பமிட்டோரில் அவரும் ஒருவர். ஆப்பிள் தோட்டத்துக் கொட்டிலில் அவரே விறகுக் கோடரியாற் சிலையைத் துண்டாடினார். வார்த்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும்.

வீட்டில் இது எப்படி முடிந்தது? காரீயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். அதற்கு அடுப்பு நெருப்பே போதும். உருகியதன்மேல் மிதக்கும் கசடை வழித்தெடுத்து, அகப்பையால் அள்ளி, பாக்குவெட்டி போல் வாய் திறந்து மூடும் வார்ப்பச்சில் ஊற்றவேண்டும். அச்சுக் குளிர்ந்திருந்தாற் குண்டின் மேனியிற் சுருக்கம் விழும். முதலில் வார்ப்பவற்றை மீண்டும் சட்டியிற் போட்டு, அச்சுச் சூடேறும்வரை பொறுப்பதே நல்ல வார்ப்பின் இரகசியம். சூடு மிஞ்சினால் ஈயம் உறையச் சுணங்கும். அச்சில் ஒரு துளி நீர் இருந்தாலோ, ஈயம் சீறித் தெறித்து முகத்தைச் சுட்டுவிடும். குண்டு உறைந்தபின் ஊற்றுவாயில் நிற்கும் காம்பை நறுக்கிவிடுவார்கள். அச்சகத்து எழுத்துக்கு அந்திமனி கலந்து ஈயத்தைக் கடினமாக்குவதுண்டு; அந்தக் காலத்துத் துப்பாக்கிக்கோ மென்மையான ஈயமே உகந்தது.

இனிக் கணக்கு. திருமதி மார்வின் 6,058. ரூத் மார்வின் 11,592. வோல்கொற்றின் மகள் லோறா 8,378. அவள் தங்கை மேரி ஆன் 10,790. தம்பி பிரெடெறிக் 936. திருமதி பீச் 1,802. பெயர் சொல்லப்படாத பலர் 2,182. ஊர்க்காவற் படைக்கும் ஒரு றெஜிமென்ற்றுக்கும் கொடுத்த 350ஐயும் சேர்த்தால் 42,088.

மேரி ஆன் 1765இல் பிறந்தவள். பதினொரு வயதுப் பிள்ளை! ஒற்றைக்குழி அச்சில் நிமிடத்துக்கு இரண்டு என்று வைத்தாலும் அவளுடைய பங்குக்கு ஏறத்தாழ 90 மணித்தியாலம் அடுப்படியில் நின்றிருக்கவேண்டும். ஈயத் தூசியும் புகையும் பிள்ளைகளின் மூளையையே தாக்கும் என்பதை அன்று யார் அறிந்தார்கள்? பிற்காலத்தில் நீதிபதியான பிரெடெறிக், பெண்பிள்ளைகளுக்கு அது ஒரு குதூகல விளையாட்டாக இருந்ததாக எழுதிவைத்தார். 936 வார்த்தவருக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்! 10,790 வார்த்தவளின் வாய்மொழியை நான் எங்கும் படித்ததில்லை.

இறாத்தலுக்குப் பதினாறு முதல் இருபது குண்டு என்று பார்த்தால், சிலையின் ஈயத்தில் ஆயிரம் இறாத்தலுக்கு மேல் கணக்கில் வரவில்லை. வழியில் அரச விசுவாசிகள் சில துண்டுகளைக் கவர்ந்து மறைத்தனர் என்பர். அது வெறும் கதையுமன்று. குதிரையின் வால் 1871இல் கனெற்றிக்கற்றின் வில்ற்றன் என்ற ஊரில் அகப்பட்டது. இன்று அது நியூயோர்க் வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது.